காசிமேட்டுல வேலை, சபையில சாட்சி. இந்த வாயை இன்னா பண்றது?

மிஷின்காரன் (காசிமேடு)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இது மொத தபா. தப்பு இருந்தா மன்னிச்சிக்கோங்க.

எனக்கு 38 வயசு. காசிமேடு ஹார்பர்ல லாஞ்சு, அதான் மீன்புடிக்கிற விசைப்படகு, அதோட இஞ்சின் வேலை பாக்குறேன், 20 வருஷத்துக்கு மேல ஆவுது. இப்ப தடைக்காலம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லாஞ்சு கடலுக்குப் போவக் கூடாது. மத்தவனுக்கு லீவு, எங்களுக்கு அதான் சீசன். மீன் மாட்டுற நாள்ல எந்த ஓனரும் இஞ்சினைக் கழட்ட உடமாட்டான். எல்லாத்தையும் இந்த ரெண்டு மாசத்துல எறக்கி, பாத்து, ஏத்தி வெக்கணும். காலைல ஆறு மணிக்கு டீசல்ல கை வெச்சா ராத்திரி ஒம்போது ஆவும்.

இரட்சிக்கப்பட்டு நாலு வருஷம். குடி போச்சி. மாவா போச்சி. ரெண்டும் இவ்ளோ சுளுவா போவும்னு நானே நெனக்கல. வாய் மட்டும் போவல.

எந்த வார்த்தைன்னு நம்ம ஏரியா ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. 'ஓ'ல ஆரம்பிக்கும். எங்களுக்கு அது திட்டே கிடையாது. போல்ட்டு வரலன்னா அதுக்கு ஒண்ணு, வந்துட்டா சந்தோஷத்துல ஒண்ணு. டீ நல்லா இருந்தா டீக்கும் உண்டு. ரொம்ப நாள் கழிச்சி கூட்டாளியப் பாத்து கட்டிப்புடிச்சா மொத வார்த்தையே அதான். மூச்சு உடுற மாதிரி தானா வரும், மனசுல கோவமே இருக்காது.

ரெண்டு சமாச்சாரம் நடந்துச்சி. போன ஞாயித்துக்கிழமை சபையில என்னைச் சாட்சி, அதாவது ஆண்டவர் என்னை எப்டி மாத்துனாருன்னு, சொல்லச் சொன்னாங்க. 'பேமானித்தனமா சுத்திகினு இருந்தேன், ஆண்டவர் என்னை இட்டாந்து இங்க குந்த வெச்சாரு'ன்னு சொன்னேன். பின்னாடி பெஞ்சுல சிரிப்பு. ஆராதனை முடிஞ்சதும் மூப்பர் ஒருத்தர், தெக்கத்தி ஆளு, தோள்ல கை போட்டு, 'தம்பி, பரிசுத்த ஸ்தலத்துல இந்த ரவுடி பாஷை வேண்டாம், சுத்தமாப் பேசிப் பழகுங்க'ன்னாரு. நான் அங்க ஒரு கெட்ட வார்த்தை சொல்லல. 'இட்டாந்து'ல இன்னா அசுத்தம் கீது? வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சோறு எறங்கல.

ரெண்டாவது அதுக்கு மறுநாளே. கியர் பாக்ஸ் மவுண்டிங் போல்ட்ல 24 ஸ்பேனர் போட்டு இஸ்துகினு இருந்தேன், நழுவி விரல் நசுங்கிச்சி. வந்துச்சி பாரு வாய்ல. ஒண்ணு இல்ல, வரிசையா. எங்கிட்ட வேலை கத்துக்கிற பையன் டார்ச் புடிச்சிகினு நின்னான். 'அண்ணே, நேத்து தான சாட்சி சொன்ன'ன்னான். கிண்டல் பண்ணல. மெய்யாலுமே கேட்டான். அதான் குத்திச்சி.

கோவம் இல்லாம சொன்னா அது பாவமா? என் பாஷையே பாவமா? எதை நிறுத்தணும், எதை வெச்சிக்கலாம்? நிறுத்துனாலும் பேஜார் தான். ஒரு நாள் வாயைக் கட்டிகினு வேலை பாத்தேன், லாஞ்சு டிரைவரு வந்து 'இன்னாபா, எம்மேல கோவமா?'ன்றாரு.

எண்ணூர் ட்ரெய்லர்

ஸ்தோத்திரம் பிரதர். கன்டெய்னர் ஓட்டுறேன், மணலிலருந்து ஹார்பர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஜீரோ கேட்டு லைன்ல நிக்கிறவன் வாய் எப்டி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். 18 மணி நேரம்லாம் நின்னிருக்கேன், பத்தடிக்கு ஒரு தடவை வண்டியை நவுத்திகினு.

எனக்கு இந்த வாயால கேஸே இருந்துச்சி. பார்க்கிங் சண்டை. எஃப்.ஐ.ஆர்.ல மொத செக்‌ஷனே 294 பி. பொது இடத்துல ஆபாசமா பேசுனதுக்கு மூணு மாசம் வரைக்கும் உள்ள போடலாம். இப்ப புது சட்டத்துல அது 296ன்னு ஆயிடுச்சி. நம்ம ஊர்ல அடிதடின்னு ஸ்டேஷனுக்குப் போனா இந்த செக்‌ஷன் கூடவே வரும், சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி.

ஞானஸ்நானம் எடுத்த புதுசுல ஒரு ஐடியா பண்ணேன். அந்த வார்த்தை வர்ற எடத்துல எல்லாம் 'அல்லேலூயா' போட்டுக்கலாம்னு. ஒரு மாசம் ஓடுச்சி. ஒரு நாள் திருவொத்தியூர்ல ஒரு ஆட்டோக்காரன் குறுக்க உட்டான். கண்ணாடிய எறக்கி 'டேய் அல்லேலூயா!'ன்னு கத்துனேன். கிளீனர் சிரிச்சி உருண்டுட்டான். எனக்கு ஈரக்கொலை நடுங்கிடுச்சி. அல்லேலூயான்னா கர்த்தரைத் துதியுங்கள்னு அர்த்தம். நான் அதையே கெட்ட வார்த்தையா மாத்திட்டேன். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாகன்னு யாத்திராகமம் 20ல இருக்குது. நாக்குல ஒரு வார்த்தை, நெஞ்சுல அதே பழைய ஆளு. அதனால பதில் வார்த்தை தேடாதீங்க, அதான் நான் சொல்ல வந்தது.

அப்புறம் கொஞ்ச நாள் கவனிச்சேன், எப்பெப்ப வருதுன்னு. நடுராத்திரி ரெண்டு மூணு மணி, வயித்துல ஒண்ணும் இல்லாத நேரம், தூங்காத நாள். அந்த நேரத்துல தான் அதிகம். சோத்து டப்பாவைக் கூடவே வெச்சிக்க ஆரம்பிச்சேன், லைன்ல நிக்கும்போது போனை எடுக்கறதில்ல. பாதி கொறைஞ்சிடுச்சி. சிரிக்காதீங்க, பாஸ்டர் உபவாசம் இருக்கச் சொன்னாரு, நான் சாப்ட்டு ஜெயிச்சேன். மீதி பாதி இன்னும் கீது.

இடுக்கமான வாசல்

வேதம் தெளிவாக இருக்கும்போது விவாதம் எதற்கு? 'கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்', எபேசியர் 4:29. ஒன்றும் என்றால் ஒன்றும்தான். யாக்கோபு 3:10ல் துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது, இப்படியிருக்கலாகாது என்று எழுதியிருக்கிறது. நாலு வருடம் ஆகியும் மாறவில்லை என்றால் மனந்திரும்புதல் உண்மையா என்று சகோதரர் தன்னையே ஆராய்ந்து பார்க்கவேண்டும். பழக்கம், பாஷை, பசி எல்லாம் சாக்கு.

மிஷின்காரன் (காசிமேடு)

ட்ரெய்லர் பிரதர், அல்லேலூயா மேட்டர் படிச்சி என் வீட்டம்மா இன்னும் சிரிச்சிகினு கீது.

இடுக்கமான வாசல் ஐயா, நீங்க சொல்றது வசனம், அதுக்கு நான் எதிர் பேசல. அதே யாக்கோபு 3ல ரெண்டு வசனம் முன்னாடி, நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாதுன்னும் போட்டிருக்குது. அதையும் சேத்துப் படிச்சிகினு தான் நான் இங்க வந்தேன்.

இந்த ஒரு வாரமா ஒண்ணு ட்ரை பண்றேன். அந்த வார்த்தைக்கு பதிலா 'கேப்மாரி', 'கஸ்மாலம்' அவ்ளோ தான். அம்மா, அக்கா யாரும் அதுல வரல. இது ஓகே தான?

ஓய்வு வாத்தியார் (பெரம்பூர்)

தம்பி, நான் முப்பது வருடம் தமிழ் நடத்தியவன். ஞாயிறுகளில் வேதபாட வகுப்பும் எடுப்பேன். உங்கள் கேள்வியில் இரண்டு முடிச்சுகள் ஒன்றாகச் சிக்கியிருக்கின்றன. மூப்பர் அதை இன்னும் இறுக்கிவிட்டார்.

பாஷை வேறு, வசை வேறு. நீங்கள் சொன்ன 'பேமானி' உருது வழியாக வந்தது. 'பே' என்றால் இல்லாத, 'ஈமான்' என்றால் நம்பிக்கை. விசுவாசமில்லாதவன் என்று பொருள். சாட்சி சொல்லும்போது தன் பழைய வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை மூப்பரே தேடிப்பிடிக்க முடியாது. 'கஸ்மாலம்' சமஸ்கிருதம். பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் அர்ச்சுனனின் மனக்கலக்கத்தைக் கண்ணன் சொல்கிற சொல் அது. 'புறம்போக்கு' என்பது தாலுகா ஆபீசில் இன்றும் புழங்குகிற நிலவரிச் சொல். 'இட்டாந்து' என்பது 'இட்டுக்கொண்டு வந்து'. 'மெய்யாலுமே' என்று எழுதியிருக்கிறீர்களே, வேதத்தில் 'மெய்யாகவே' என்று வருவதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? வண்ணாரப்பேட்டையில் பேசினால் ரவுடி பாஷை, புத்தகத்தில் அச்சானால் திருவசனமா? இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மன்னிக்கவும். என் மாணவர்கள் எத்தனையோ பேர் இந்தப் பேச்சுக்காகவே வேலை நேர்காணலில் தலை குனிந்து வந்தவர்கள்.

ஆனால் 'கேப்மாரி' ஓகே இல்லை. அது வசைச் சொல்லாகப் பிறந்ததே அல்ல, ஒரு சமூகத்தின் பெயர். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். பிறந்த குழந்தை முதல் கிழவர் வரை ஒரு சாதி முழுவதையும் திருடர் என்று எழுதிவைத்த சட்டம். அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் கேப்மாரிகளும் உண்டு. 1952இல் நாடு முழுவதும் சட்டத்தை நீக்கினார்கள். நம் நாக்கு இன்னும் நீக்கவில்லை. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் வாங்கக் கியூவில் நிற்கிற ஒரு பையன் காதில் நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். 'ஓ'வை விட்டுவிட்டு இதைப் பிடிப்பது சேற்றிலிருந்து காலை எடுத்து வேறு சேற்றில் வைப்பது.

மத்தேயு 5:22 பாருங்கள். தன் சகோதரனை 'வீணன்' என்கிறவனையும் 'மூடனே' என்கிறவனையும் ஆண்டவர் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று. இரண்டும் ஆபாசமே இல்லாத சொற்கள். நம் சபைகளில் பிரசங்க பீடத்திலிருந்தே விழுகிற சொற்கள். அங்கே அவர் நிறுக்கிறது சொல்லில் இருக்கிற கவிச்சியை அல்ல, எதிரே நிற்கிறவனை ஒன்றுமில்லாதவன் ஆக்குகிற மனதை.

எபேசியர் 4:29ஐ மேலே ஒரு சகோதரர் எடுத்துக் காட்டினார். அதில் 'கெட்ட' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'சப்ரோஸ்'. மத்தேயு 13:48இல் வலையில் வந்த மீனைத் தரம் பிரிக்கிறார்களே, நல்லவைகளைக் கூடைகளில் சேர்த்து ஆகாதவைகளை எறிகிறார்களே, அந்த 'ஆகாதவை'யும் இதே சொல்தான். காசிமேட்டுக்காரருக்கு நான் மீன் பார்க்கச் சொல்லித்தரவேண்டியதில்லை. பாரை என்றோ சங்கரா என்றோ பெயரைக் கேட்டு நல்ல மீன் என்று கூடையில் போடுவீர்களா? செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள்.

ராயபுரம் பொண்ணு (அம்மா சொல்லச் சொல்ல டைப் பண்றேன்)

இதை அம்மாவுக்குப் படிச்சிக் காட்னேன். 61 வயசு, மீன் கூடை தூக்குனவங்க. சொல்றதை அப்டியே போடுன்னாங்க.

'நைனா, ஏசப்பாவோட சீஷரு ஒருத்தர, நீங்க பேதுருன்றீங்க, கத்தோலிக்கருங்க நாங்க ராயப்பர்ன்றோம். அவரு பேர்ல தான் ராயபுரமே. அவரும் வலைக்காரரு தான், வாய் சும்மா இருந்திருக்கும்னா நெனக்கிற? ஏசப்பாவைப் புடிச்சிகினு போன ராத்திரி குளிர் காஞ்சிகினு இருந்தாரு. நீயும் அந்த கும்பல் தான, உன் பேச்சே காட்டிக் குடுக்குதேன்னாங்க. கலிலேயா பேச்சு. நம்ம பேச்சு பஸ்ல வாயத் தொறந்தாலே காட்டிக் குடுக்குற மாதிரி. ஒடனே அவரு சபிக்க ஆரம்பிச்சிட்டாரு, சத்தியம் பண்ண ஆரம்பிச்சிட்டாரு, அந்தாள எனக்குத் தெரியாதுன்னு. சேவல் கூவிச்சி. அவரு அழுதது பேச்சுக்காவ இல்ல. பேச்ச வெச்சி கண்டுபுடிச்சவங்க சரியாத் தான் கண்டுபுடிச்சாங்க. சபிச்சி, தெரியாதுன்னு பொய் சொன்னாரு பாரு, அதுக்குத் தான் அழுதாரு. உங்க மூப்பரு கையில இதப் படிச்சிக் காட்டு.'

(மத்தேயு 26:73, 74. நான் தேடிப் போட்டேன்.)

'அதோட உட்ற மாட்டேன். கோவம் இல்லாம சொல்றேன், மூச்சு மாதிரின்னு எழுதிக்கிற. உனக்கு மூச்சு. கேக்குற பொம்பளைக்கு அது மூச்சு இல்லப்பா. நாப்பது வருஷம் ஏலம் உடுற எடத்துல நின்னிருக்கேன். ரெண்டு ஆம்பளைங்க சண்டை போடுவானுங்க, ரெண்டு பேரும் நல்லாத் தான் நிப்பானுங்க. வீட்ல அடுப்பாண்ட குந்திகினு இருக்கிற அவன் அம்மாவையும் இவன் அக்காவையும் நடுத்தெருவுக்கு இஸ்துகினு வருவானுங்க. ஆம்பளையத் திட்ட ஆம்பளையப் பத்தி ஒரு வார்த்தை இருக்குதா? யோசிச்சிப் பாரு. உன் போல்ட்டு கயலலன்னா நாங்க இன்னா பண்ணோம்?'

'நான் மட்டும் யோக்கியமான்னு கேளு. கட்டையில போறவனே, பாடையில போறவனேன்னு நானும் தான் சொல்லுவேன். ஒரு தபா பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். சாமியாரு, அவன் சாவணும்னு நெனச்சியாம்மான்னு கேட்டாரு. இல்ல சாமி, வஞ்சிரத்துக்கு இருவது ரூபா கொறச்சிக் கேட்டான்னேன். இருவது ரூபாய்க்கு ஒரு சாவாம்மான்னாரு. அன்னிலருந்து அது வர்றப்ப இருவது ரூபா தான் ஞாபகம் வருது. வாய் தொறக்கும், பாதில நிக்கும். அவ்ளோ தான் நம்மளால ஆனது.'

இடுக்கமான வாசல்

அம்மா சொன்ன வசன விளக்கத்தில் எனக்குச் சில கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் அந்த இருபது ரூபாயை நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

மிஷின்காரன் (காசிமேடு)

ரெண்டு வாரம் ஆச்சி, பதில் போட முடியல. நைட்டு முழுக்க வேலை.

வாத்தியார் ஐயா, கேப்மாரிய அன்னிக்கே நிறுத்திட்டேன். தெரியாம சொன்னது தான், ஆனா எத்தினி தபா சொல்லிருப்பேன். மீன் மேட்டர் எனக்கு சட்டுனு புரிஞ்சிடுச்சி. கெட்ட வார்த்தைன்றோம், கெட்டுப்போன மீன்றோம், ரெண்டுத்துலயும் அதே 'கெட்ட' தான். இத்தினி வருஷம் அத நான் கவனிக்கவே இல்ல.

ராயபுரம் அம்மா சொன்னது தான் தூங்க உடல. எங்கிட்ட வேலை கத்துக்கிறானே, அந்தப் பையன். 19 வயசு. ஸ்பேனர் கேட்டா அந்த வார்த்தை, லேட்டா வந்தா அந்த வார்த்தை, நல்லா வேலை பாத்தாலும் முதுகுல தட்டி அந்த வார்த்தை. ஒரு நாளைக்கு நாப்பது தபாவாச்சும் இருக்கும். அவன் அம்மா 2021ல ரெண்டாவது அலைல போய்ட்டாங்க. ஐஸ் ஒடைக்கிற எடத்துல வேலை பாத்தவங்க. எனக்கே சோறு போட்டிருக்காங்க, கடம்பா தொக்கு வெப்பாங்க, அந்த மாதிரி எவனும் வெக்க முடியாது. அந்தம்மா புள்ளையப் பாத்து அந்தம்மாவையே சொல்ற வார்த்தைய நான் நாலு வருஷமா சொல்லிகினு இருந்திருக்கேன். நாலு வருஷம், இரட்சிக்கப்பட்ட அதே நாலு வருஷம். ஒரு நாளும் எனக்கு அது தோணல. அவனும் ஒரு நாளும் சொல்லல.

திங்கக்கிழமை டீ வாங்கிக் குடுத்துட்டு, 'தம்பி, இனிமே உன்னப் பேர் சொல்லித் தான் கூப்புடப் போறேன்'னேன். திருதிருன்னு முழிச்சான். ரெண்டு நாள் கழிச்சி மெதுவா வந்து கேக்குறான், 'அண்ணே, நீ பேர் சொல்லிக் கூப்புட்டா தான் பயமா இருக்குது. வேலைய உட்டு தூக்கப் போறியா?'

சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. இல்லடான்னேன். அந்த 'டா'வுக்கு அப்புறம் பழக்கதோஷத்துல அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி. முழுங்கிட்டேன். மத்த நேரத்துல எல்லாம் முழுங்குறேன்னு பொய் சொல்ல மாட்டேன். நேத்து பம்பு கழட்டும்போது ரெண்டு தபா வந்துச்சி, இஞ்சினைப் பாத்து. இஞ்சினுக்கு அம்மா இல்லன்னு எனக்கு நானே சொல்லிகினேன், அது சரியா தப்பான்னு வாத்தியார் தான் சொல்லணும். ட்ரெய்லர் பிரதர் சொன்ன மாதிரி மத்தியானம் சோறு துன்னாம வேலை பாக்குறத உட்டுட்டேன். ரெண்டு தபாவும் சாப்பாட்டுக்கு முன்னாடி தான்.

மூப்பர் கிட்ட மத்தேயு 26ஐப் படிச்சிக் காட்டல. ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை வேதபாடம் வாசிக்க ஆள் கேட்டாங்க, நான் கை தூக்குனேன். எந்த அதிகாரம்னு அவரு கேட்டப்ப அதையே சொன்னேன். வசனத்த இருக்கிற மாதிரி தான் வாசிப்பேன். ஜெபம் மட்டும் எனக்கு வர்ற பேச்சுல. புதன்கிழமை வீட்டு ஜெபத்துலயும் அப்டித் தான் பண்ணேன், யாரும் சிரிக்கல.

14ஆம் தேதி ராத்திரி லாஞ்செல்லாம் எறங்கணும், இன்னும் ரெண்டு இஞ்சின் பாக்கி. அந்த 24 ஸ்பேனரு வாய் தேஞ்சி போயிருந்துது, அதான் அன்னிக்கி நழுவிச்சி. பையனை அனுப்பிச்சி பாரிமுனைல புதுசு வாங்கியாரச் சொல்லிக்கிறேன்.